ஆக்சிஜனின் இடத்தில் நைட்ரஜன்

ஆற்று மணலையும், கருங்கல்லையும், ஏடு ஏடாகப் பிரியும் காக்காய்ப்பொன்னையும், சன்னல் கண்ணாடியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவற்றிடையே உறவு ஏதும் இருப்பதாகத் தோன்றாது. ஆனால் வேதியியலார் கண்ணுக்கு இவை ஒரே குடும்பம். சிலிகனும் ஆக்சிஜனும் சேர்ந்து கட்டிய சட்டமே இவை எல்லாவற்றிலும் உள்ளது. நம் காலடியில் உள்ள புவியோட்டின் எடையில் ஏறத்தாழ 46 விழுக்காடு ஆக்சிஜன், 28 விழுக்காடு சிலிகன் என்று கணக்கிட்டிருக்கின்றனர். நாம் வாழும் தரை சிலிகேட்டுத் தரை எனலாம்.

இனித் தலைக்கு மேலே உள்ள காற்றைப் பார்ப்போம். அதில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். இவ்வளவு நைட்ரஜன் சூழ்ந்திருந்தும், பாறைகளில் சிலிகனோடு பிணைந்து நிற்பது ஆக்சிஜனே. சிலிகனோடு நேரடியாகக் கைகோத்த நைட்ரஜனைச் சாதாரணப் பாறைகளில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். காரணம் இதுதான்: நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக மும்மடிப் பிணைப்பால் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்க்க மிகுந்த ஆற்றல் வேண்டும். ஆக்சிஜனோ எளிதில் வந்து சிலிகனைப் பற்றிக்கொள்கிறது. எனவே ஆக்சிஜன் உள்ள இடத்தில் நைட்ரஜனுக்குப் பந்தியில் இடம் கிடைப்பதில்லை.

அந்த இடத்தில் மனிதன் வலிந்து நைட்ரஜனை அமர்த்தினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை காண நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. விடை கிடைத்தபோது, அதைத் தேடிச் சென்றவர்கள் எதிர்பார்த்த இடத்தில் அது இல்லை.

இரண்டு கைகளும் மூன்று கைகளும்

முதலில் சிலிகேட்டின் கட்டமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1920-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் டபிள்யூ. எல். பிராக் என்னும் இயற்பியல் அறிஞரும் அவர் குழுவினரும் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு ஒவ்வொரு கனிமமாக ஆராய்ந்தனர். அதற்கு முன் வேதியியலாரைத் தலைசுற்ற வைத்த சிலிகேட்டுகளின் குழப்பமெல்லாம் சில ஆண்டுகளில் தெளிந்தது. ஒவ்வொரு சிலிகன் அணுவையும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்துள்ளன. அந்த நான்கும் நான்முகி என்னும் வடிவத்தின் நான்கு மூலைகள். நான்கு சம முக்கோணங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டினால் கிடைப்பதே நான்முகி. சிலிகன் அதன் நடுவே அமர்ந்திருக்கிறது.

இந்த நான்முகிகள் மூலைகளில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் விதத்தில்தான் கனிமங்களின் வேறுபாடு எல்லாம் பிறக்கிறது. சங்கிலியாகக் கோத்தால் சில வகைக் கல்நார்; தகடாகக் கோத்தால் காக்காய்ப்பொன்; எல்லாத் திசைகளிலும் கோத்தால் குவார்ட்சு. கோப்பதற்கு உதவும் மூலை ஆக்சிஜன். அதன் இணைதிறன் இரண்டு. அதாவது அதற்கு இரண்டு கைகள். ஆதலால் ஓர் ஆக்சிஜன் இரண்டு சிலிகன்களைத்தான் இணைக்க முடியும்.

நைட்ரஜனுக்கு மூன்று கைகள். அதை மூலையில் வைத்தால் மூன்று நான்முகிகள் ஓரிடத்தில் சேரும். பந்தல் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு மூங்கில்களைச் சேர்த்த கட்டு சற்று ஆடும். மூன்று மூங்கில்கள் சேரும் கட்டு அசையாது. அணுக்களின் பந்தலிலும் ஏறத்தாழ இதே கதைதான். நைட்ரஜன் மிகுந்த சட்டம் நெருக்கமானது, விறைப்பானது, கடினமானது.

மூசையில் பிறந்த பொருள்

மூன்று சிலிகனுக்கு நான்கு நைட்ரஜன் என்ற விகிதத்தில் சேர்ந்த சிலிகன் நைட்ரைடே இக்குடும்பத்தின் மூத்த பிள்ளை. 1857-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் சேன்த்-கிளேர் தெவீலும் ஜெர்மனியின் பிரெடரிக் வூலரும் இதைப் பற்றி முதலில் எழுதினர். வூலர் என்ற பெயர் மாணவர்களுக்குப் பழக்கமானதே. 1828-இல் யூரியாவை ஆய்வகத்தில் உண்டாக்கியவர் அவர்தான். இவர்கள் சிலிகனை ஒரு மூசையில் இட்டு, அதை மற்றொரு மூசைக்குள் வைத்து, இடையில் கரியைத் திணித்துச் சூடாக்கினர். உள்ளே நுழையப் பார்க்கும் ஆக்சிஜனைக் கரி பிடித்துக்கொள்ளும். நைட்ரஜனைக் கரி தடுப்பதில்லை. பந்தியில் போட்டியாளர் இல்லாததால் நைட்ரஜன் சிலிகனோடு சேர்ந்துவிட்டது! அவர்கள் அதற்குச் சிலிகன் நைட்ரைடு என்று பெயரிட்டனரே தவிர, அதன் சரியான இயைபைக் கூறவில்லை. 1879-இல் பால் சுட்சன்பெர்ஜே இயைபைக் கண்டு சொன்னார். 1910-இல் வைஸ், எங்கல்ஹார்ட் என்னும் இருவர் தூய நைட்ரஜனில் சிலிகனைச் சூடாக்கி இதைத் தயாரித்தனர்.

அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இப்பொருள் புட்டியில் உறங்கியது. 1948-க்கும் 1952-க்கும் இடையில் அமெரிக்காவின் கார்போரண்டம் கம்பெனி இதைப் பற்றிச் சில காப்புரிமைகளுக்கு விண்ணப்பித்தபோதுதான் தொழில் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. 1953-இல் பிரிட்டனில் முறையான ஆராய்ச்சி தொடங்கிற்று. அங்கே இதற்குக் குறித்து வைத்திருந்த வேலை மிகப் பெரியது.

அது வாயு டர்பைன். எரிபொருளை எரித்து வரும் சூடான வாயு, விசிறியின் இதழ்களைப் போன்ற பகுதிகளைத் தள்ளிச் சுழற்றும் எந்திரம் அது. ஜெட் விமானத்தின் உயிர் அதுவே. வாயு எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவுக்கு எரிபொருள் மிச்சமாகும். ஆனால் இதழ்கள் நிக்கல் கலந்த உலோகத்தால் ஆனவை. ஓர் அளவுக்கு மேல் சூடேறினால் அவை இளகி நீளத் தொடங்கும். சுட்ட பீங்கான் இனப் பொருள்கள் வெப்பத்தைத் தாங்கும். ஆயினும் சூடான கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றினால் நேர்வது இவற்றுக்கும் நேரும். சிலிகன் நைட்ரைடு சூட்டில் விரிவது மிகக் குறைவு. எஃகு விரிவதில் கால் பங்குதான். எனவே திடீர் வெப்ப மாற்றத்தில் அது வெடிப்பதில்லை. பொறியாளர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

ஆனால் அதை உருவாக்குவது எப்படி? உருக்கி வார்க்க இயலாது. சுமார் 1,900 டிகிரி செல்சியசில் அது உருகாமல் சிதைந்துவிடுகிறது. இங்கிலாந்தின் கடற்படைப் பொருளியல் ஆய்வகத்தில் நார்மன் பாரும் அவருடன் பணியாற்றியவர்களும் கையாண்ட வழி மிக அழகானது. சிலிகன் தூளை அழுத்தி வேண்டிய வடிவமாக்கி, நைட்ரஜன் சூழ்ந்த உலையில் சிறிதளவு மட்டும் வேகவைத்தனர். அப்போது அது சுண்ணக்கட்டியைப் போலக் கடைவதற்கு எளிதாயிருக்கும். நுட்பமான வேலையையெல்லாம் அந்நிலையிலேயே முடித்துக்கொண்டு, மீண்டும் 1,400 டிகிரி அளவில் நைட்ரஜனில் வைத்தால் முழுவதும் நைட்ரைடாக மாறிவிடும். எடை மூன்றில் இரண்டு பங்கு கூடும். ஆனால் வெளி அளவு மாறுவதேயில்லை என்று சொல்லலாம். சேர்ந்த நைட்ரஜன் எல்லாம் உள்ளேயுள்ள இடுக்குகளை நிரப்புவதிலேயே செலவாகிறது. சூளையில் சுருங்கும் பானையையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருந்திருக்கும்.

ஒரு குறை மட்டும் உண்டு. இடுக்குகள் முழுவதும் நிரம்புவதில்லை, நுண்துளைகள் எஞ்சிவிடும். துளையுள்ள பொருளின் வலிமைக்கு ஓர் எல்லை உண்டல்லவா?

செங்கல்லும் சாந்தும்

1961-இல் டீலி, ஹெர்பர்ட், மூர் ஆகிய மூவர் இதற்கு ஒரு தீர்வை வெளியிட்டனர். சிலிகன் நைட்ரைடுத் தூளோடு சிறிது மக்னீசியம் ஆக்சைடைக் கலந்து, சூடாக்கிக்கொண்டே அழுத்தினர். துளையற்ற, உறுதியான பொருள் கிடைத்தது. சாதாரண வெப்பநிலையில் அதன் வலிமை எல்லாரையும் மகிழ்வித்தது. உலையில் வைத்துச் சோதித்தபோதோ, 1,000 டிகிரியைத் தாண்டியபின் வலிமை சரியத் தொடங்கியது. சிலிகன் நைட்ரைடு இன்னும் பல நூறு டிகிரி தாங்கக்கூடியது. பிறகு இளகியது எது?

தூளின் ஒவ்வொரு துகளின் மீதும் மெல்லிய சிலிகாத் தோல் ஒன்று உண்டு. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஆக்சிஜன் அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தச் சிலிகாவும் மக்னீசியம் ஆக்சைடும் சிறிது நைட்ரைடும் சூட்டில் சேர்ந்து திரவமாகின்றன. துகள்கள் நகர்ந்து நெருங்கியமர உதவியது இத்திரவமே. ஆறியதும் அது கண்ணாடியாகிப் படிகங்களுக்கு நடுவில் தங்கிவிடுகிறது. பல இடங்களில் அதன் தடிமன் மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான். செங்கல் கெட்டியாக இருந்து என்ன பயன்? இடையிலுள்ள சாந்து இளகினால் சுவர் நிற்குமா?

மக்னீசியத்துக்குப் பதிலாக இட்ரியம் ஆக்சைடைச் சேர்த்தால் சாந்து மேலும் சூடு தாங்கும் என்று 1973-இல் அமெரிக்காவில் காஸா என்பவர் காட்டினார். அதிலும் ஒரு பொல்லாப்பு வந்தது. சில கலவைகள் 1,400 டிகிரியில் நன்றாக இருந்து, 1,000 டிகிரியில் காற்றுப் பட்டு உதிர்ந்தன. இடையில் உருவான நைட்ரஜன் சேர்மங்கள் ஆக்சிஜனை ஏற்று உப்பியதே காரணம். எந்த விகிதத்தில் எந்தச் சேர்மம் உண்டாகிறது என்ற வரைபடம் கிடைத்த பிறகே தவிர்க்க வேண்டியதைத் தவிர்க்க முடிந்தது.

விண்ணிலிருந்து ஒரு குறிப்பு

ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஒரே படிகத்தில் ஒற்றுமையாக வாழ இயலும் என்பதற்கு ஒரு சான்று இதற்கிடையில் வேறு திசையிலிருந்து வந்தது. அப்போது பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்திருந்த சிந்துப் பகுதியில் 1926-இல் ஒரு விண்கல் விழுந்தது. இன்று அவ்விடம் பாகிஸ்தானில் உள்ளது. 1964-இல் ஆண்டர்சன், கைல், மேசன் ஆகியோர் அக்கல்லை ஆராய்ந்து அதில் ஒரு புதிய கனிமத்தைக் கண்டனர். இரண்டு சிலிகன், இரண்டு நைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். தனிமங்களின் குறியீடுகளைச் சேர்த்து அதற்குச் 'சினாய்ட்' என்று பெயரிட்டனர்.

அதன் கட்டமைப்பு பாடநூலில் வரையத்தக்கது. ஒவ்வொரு சிலிகனின் நான்கு மூலைகளில் மூன்றில் நைட்ரஜன், ஒன்றில் ஆக்சிஜன். நைட்ரஜன் மூன்று சிலிகன்களையும், ஆக்சிஜன் இரண்டு சிலிகன்களையும் இணைக்கிறது. அவரவர் கைக்கு ஏற்ற வேலை! இந்த இன விண்கற்கள் ஆக்சிஜன் பற்றாக்குறையான சூழலில் உருவானவை. ஆகவேதான் பூமியில் மறுக்கப்பட்ட இடம் நைட்ரஜனுக்கு அங்கே கிடைத்தது. பின்னர் 1995-இல் விண்கல் துகள்களிலேயே சிலிகன் நைட்ரைடும் கனிமமாக அடையாளம் காணப்பட்டு, நியர் என்ற இயற்பியல் அறிஞரின் நினைவாக 'நியரைட்' எனப் பெயர் பெற்றது.

பகைவனே பங்காளியான கதை

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஜாக் என்னும் வேதியியல் அறிஞர் இருந்தார். 1957-இலேயே ஹார்டி என்பவருடன் சேர்ந்து சிலிகன் நைட்ரைடின் படிக அமைப்பை வெளியிட்டவர் அவர். அதன் பீட்டா வடிவம், பினசைட் என்னும் பெரிலியச் சிலிகேட்டின் அமைப்பைப் போலவே இருக்கிறது. ஆக்சிஜன் இடத்தில் நைட்ரஜன், பெரிலியம் இடத்திலும் சிலிகன். மற்றவர்கள் சிலிகன் நைட்ரைடை ஒரு தனிப் பொருளாகப் பார்த்தபோது, ஜாக் அதை ஒரு வகைச் சிலிகேட்டாகப் பார்த்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

சிலிகேட்டு என்று பார்த்துவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும். பெல்ஸ்பார் முதலிய கனிமங்களில் சிலிகனின் இடத்தில் அலுமினியம் வந்து உட்காருவது வழக்கம். இங்கேயும் வருமா? சிலிகனின் மின்னேற்றம் நான்கு, அலுமினியத்துக்கு மூன்று. ஒன்று குறைகிறது. அதே நேரத்தில் மூன்று எதிர்மின்னேற்றமுள்ள நைட்ரஜனை எடுத்துவிட்டு, இரண்டு உள்ள ஆக்சிஜனை வைத்தால் அங்கும் ஒன்று குறைகிறது. வரவும் செலவும் நேராகிவிட்டன. நீளமும் பொருந்துகிறது. சிலிகன்-நைட்ரஜன் பிணைப்பு 1.74 ஆங்ஸ்ட்ராம், அலுமினியம்-ஆக்சிஜன் பிணைப்பு 1.75 ஆங்ஸ்ட்ராம். படிகத்துக்கு ஆள் மாறியதே தெரியாது! ஆறு சிலிகனில் நான்குக்குச் சற்று மேல் வரை இப்படி மாற்றலாம் என்று கண்டனர்.

1972-இல் ஜாக்கும் வில்சனும் இதை வெளியிட்டனர். ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் மைய ஆராய்ச்சிக்கூடத்தில் ஓயாமாவும் காமிகைட்டோவும் 1971-இலேயே இதே முடிவுக்கு வந்திருந்தனர். ஒருவரை ஒருவர் அறியாமல் இரு குழுக்கள் ஒரே காலத்தில் ஒரே கதவைத் திறந்தன. சிலிகன், அலுமினியம், ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகியவற்றின் குறியீடுகளை வரிசையாக எழுதி ஒரே சொல்லாகப் படித்தால் 'சையலான்'. பெயர் அப்படிப் பிறந்ததுதான்.

இதன் சிறப்பு பெயரில் இல்லை. அதுவரை ஆக்சிஜன் பகைவன். எவ்வளவு முயன்றும் விரட்ட முடியாத மாசு. இப்போது அதற்குப் படிகத்துக்குள்ளேயே ஓர் இருக்கை கொடுத்தாயிற்று. துகள்களைச் சேர்க்க உதவிய திரவத்தில் ஒரு பகுதியைப் படிகமே உறிஞ்சிக்கொள்கிறது. எல்லையில் தங்கும் கண்ணாடி குறைகிறது. முற்றிலும் போய்விடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் மிகுந்த அழுத்தமின்றியே வெறும் சூட்டில் சுட்டு, அடர்ந்த பொருளைச் செய்ய முடிந்தது.

இதற்குப் பின் ஒரு புதிய கனிமவியலே கிளம்பியது எனலாம். வோலஸ்டோனைட், அபடைட், மெலிலைட் ஆகிய இயற்கைக் கனிமங்களின் அமைப்பில் நைட்ரஜன் பதிலிகளை ஆய்வகத்தில் செய்தனர். பழிக்கப்பட்ட அந்தச் சாந்துக் கண்ணாடியையும் சிலர் விடவில்லை. நைட்ரஜன் கலந்த கண்ணாடியைத் தனியே உருக்கிப் பார்த்தபோது, அது சாதாரணச் சிலிகேட்டுக் கண்ணாடியைவிடக் கடினமாகவும், இளக அதிகச் சூடு வேண்டுவதாகவும் இருந்தது. மூன்று கைகளின் மகிமை அங்கும் தெரிந்தது.

வராத எஞ்சின்

1971-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பு 1 கோடியே 70 இலட்சம் டாலர் ஒதுக்கி, போர்டு, வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனங்களிடம் பீங்கான் டர்பைன்களைச் செய்யச் சொன்னது. ஜப்பானிலும் முயற்சிகள் நடந்தன. 1981-இல் இசுசூ டீசல் வண்டிகளில் எஞ்சினைத் தொடக்கச் சூடேற்றும் 'குளோ பிளக்' சிலிகன் நைட்ரைடில் வந்தது. 1985-இல் நிசான் தன் கார் ஒன்றில் டர்போ சார்ஜரின் சுழலியையே இதனால் செய்து ஓட்டிக் காட்டியது. முழு எஞ்சினும் பீங்கானாகும் நாள் நெருங்கிவிட்டது என்று அப்போது பலர் எழுதினர்.

அந்த நாள் வரவில்லை. உலோகத்தில் ஒரு கீறல் விழுந்தால் உலோகம் சற்று வளைந்து கொடுத்து அதைத் தாங்கிக்கொள்ளும். பீங்கான் வளையாது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், அது உடைவதற்கு. ஒரே உலையில் ஒரே நாளில் செய்த நூறு இதழ்களில் எது உறுதியானது, எது உடையப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வது கடினம். சுட்டபின் இழைப்பதற்கு வைரம் வேண்டும், செலவு ஏறும். அதே காலத்தில் நிக்கல் இதழ்களைச் செய்தவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒரே படிகமாக வார்த்தும், உள்ளே காற்றுச் செல்லும் துளைகளை அமைத்தும் தங்கள் உலோகத்தை மேலும் மேலும் சூடு தாங்க வைத்தனர்.

ஆகவே செலவெல்லாம் வீண் என்று கூறுவோரும் உண்டு. அது சரியான கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. நிக்கல் உலோகத்தை விரட்ட வந்த சையலான், அதே நிக்கல் உலோகத்தைக் கடைந்து செதுக்கும் வெட்டுக்கருவியாகப் பட்டறையில் அமர்ந்துவிட்டது! வெட்டும் முனை செந்தழலாகக் காய்ந்தாலும் மழுங்காததே அதன் பலம். வார்ப்பிரும்பைக் கடையச் சிலிகன் நைட்ரைடு முனைகள் பயன்படுகின்றன. உருகிய அலுமினியம் இவற்றில் ஒட்டுவதில்லை. ஆதலால் வார்ப்படச் சாலைகளில் வெப்பமானியின் உறையாகின்றன.

பால் பேரிங்குகளில் உள்ள குண்டுகள் மற்றொரு நல்ல பயன். சிலிகன் நைட்ரைடின் அடர்த்தி எஃகினுடையதில் ஐந்தில் இரண்டு பங்குதான். குண்டு இலேசானால் வேகமாகச் சுழலும்போது வெளி வளையத்தில் அழுந்துவது குறைகிறது. மின்சாரம் பாய்வதில்லை என்பதால் மின் மோட்டார்களில் பொறி பறந்து பேரிங்கு அரிக்கப்படும் தொல்லையும் இல்லை. 2011 வரை பறந்த அமெரிக்க விண்வெளி ஓடங்களின் எஞ்சின் பம்புகளிலும் இக்குண்டுகள் இடம்பெற்றன. கூரைகளில் காணும் சூரிய மின்தகடுகளின் நீல நிறமும் சிலிகன் நைட்ரைடின் வேலையே. ஒளி தெறித்து வீணாகாமல் இருக்க மேலே பூசும் மெல்லிய படலம் அது.

விளக்கில் ஏறிய படிகம்

எஞ்சின்காரர்கள் கனவிலும் நினைக்காத பயன் 1990-களில் தொடங்கியது. ஜெர்மனியின் பைராய்ட் பல்கலைக்கழகத்தில் வொல்ப்காங் ஷ்னிக் என்னும் வேதியியல் அறிஞர், ஆக்சிஜனே இல்லாமல் சிலிகனும் நைட்ரஜனும் மட்டும் சட்டமாக நிற்க, இடையே கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் போன்ற உலோகங்கள் அமர்ந்த சேர்மங்களை வரிசையாகச் செய்தார். இவற்றை நைட்ரிடோசிலிகேட்டுகள் என்பர். 1,600 டிகிரி அளவுக்குச் சூடும், ஆக்சிஜனும் ஈரமும் சிறிதும் தீண்டாத சூழலும் இதற்கு வேண்டும். 1995-இல் இரண்டு ஸ்ட்ரான்சியம் அல்லது பேரியத்துக்கு ஐந்து சிலிகன், எட்டு நைட்ரஜன் என்ற இயைபுடையவை வெளிவந்தன. வேறு சில சேர்மங்களில் ஒரே நைட்ரஜன் நான்கு சிலிகன்களைப் பிணைத்து நிற்பதையும் அக்குழு கண்டது. ஆக்சிஜன் சிலிகேட்டுகளில் காணாத காட்சி அது.

அப்போது விளக்குத் தொழில் ஒரு சிக்கலில் இருந்தது. 1993-இல் ஜப்பானில் நாகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைத் தந்தார். 1996-இல் அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் பொருளைப் பூசி வெள்ளை எல்.இ.டி. விற்பனைக்கு வந்தது. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் கண்ணுக்கு வெள்ளைதான். ஆனால் சிவப்பு போதாது. அந்த வெளிச்சத்தில் முகங்கள் வெளிறின, தக்காளியும் குங்குமமும் சோபை இழந்தன. நீலத்தை விழுங்கிச் சிவப்பை உமிழும், சூட்டில் மங்காத ஒரு பொருள் தேவைப்பட்டது.

நைட்ரிடோசிலிகேட்டில் சிறிதளவு யூரோப்பியம் சேர்த்தால் அது கிடைக்கிறது. யூரோப்பியம் அணு ஒளிரும் நிறம் அதைச் சூழ்ந்துள்ள அணுக்களைப் பொறுத்தது. ஆக்சிஜன் எலெக்ட்ரான்களை இறுகப் பற்றிக்கொள்ளும். நைட்ரஜன் அவ்வளவு இறுகப் பற்றாமல் பங்கிட்டுக்கொள்ளும். அதனால் யூரோப்பியத்தின் எலெக்ட்ரான் தாவும் ஆற்றல் நிலைகளுக்கு இடையிலான தூரம் குறைகிறது. ஆற்றல் குறைய ஒளி சிவப்பை நோக்கி நகர்கிறது. விறைப்பான சட்டம் என்று முன்பு சொன்னோமே, அதுவும் இங்கே உதவுகிறது. விளக்கு சூடானாலும் சட்டம் அதிகம் அதிர்வதில்லை. ஒளியாக வரவேண்டிய ஆற்றல் வெப்பமாக வீணாவது குறைகிறது.

ஜப்பானின் சுகுபா நகரிலுள்ள தேசியப் பொருளியல் ஆய்வு நிறுவனத்தில் ஹிரோசாகி குழுவினரும் இதே துறையில் உழைத்தனர். கால்சியமும் அலுமினியமும் கலந்த சிலிகன் நைட்ரைடு ஒன்று அவர்களிடம் ஆழ்ந்த சிவப்பைத் தந்தது. 2005-இல் அவர்கள் வெளியிட்ட பச்சை ஒளிரும் பொருள் பீட்டா-சையலான். டர்பைனுக்காகக் கணக்குப் போட்டு நியூகாசிலில் கண்ட அதே படிகத்தில் யூரோப்பியம் சேர்த்தது. தொலைக்காட்சி, கைப்பேசித் திரைகள் பலவற்றின் பின்விளக்கில் பச்சை நிறம் இதிலிருந்தே வருகிறது.

மஞ்சள் சாயலான வெளிச்சம் தரும் எல்.இ.டி. ஒன்று பழுதாகிக் கிடந்தால், மின்னிணைப்பு நீக்கிய பின் அதன் வெள்ளை மூடியைக் கழற்றி உள்ளேயுள்ள சிறு சதுரங்களைப் பாருங்கள். மஞ்சளோடு ஆரஞ்சு கலந்த பூச்சு தெரியும். வெண்மையான வெளிச்சம் தரும் விளக்கில் அதே பூச்சு எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். அந்த ஆரஞ்சுச் சாயல், பெரும்பாலான விளக்குகளில், சிலிகனோடு பிணைந்த நைட்ரஜனால் வந்தது.